தானாக எரியும் விளக்கும் தாம்பரத்து நீல போர்டும்

கைக்கடிகாரப் பழுது வாங்கும் கவுண்டருக்குச் சிரித்த முகத்துடன் வருபவர் யாரும் இல்லை. வாங்கிய அன்று சிரித்தவர்களைத்தான் நாங்கள் பிறகு சந்திக்கிறோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள், மேற்குத் தாம்பரத்தில் காதர் பாயின் கடையில் அப்படியொரு கவுண்டரில் நான் நின்றேன். வாசல் சுவரில் பெரிய கடிகார நிறுவனம் ஒன்றின் நீல போர்டு மாட்டியிருந்தது: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். உள்ளே, கண்ணில் லென்ஸ் பொருத்திக்கொண்டு சேவியர் பழுது பார்ப்பார். வருபவர்களின் குறைகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. இயற்பியல் படித்தவள் என்பதால் பாய் என்னை அமர்த்தினார். அந்தப் படிப்பு முழுவதும் கடைசியில் ஒரே ஒரு விளக்கின் மேல் செலவாகும் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த நிறுவனம் விற்ற ஸ்போர்ட்ஸ் வாட்சில் ஒரு புதுமை இருந்தது. நேரம் பார்ப்பதற்காகக் கையை முகத்தை நோக்கித் திருப்பினால், பொத்தான் எதையும் அழுத்தாமலே திரையில் பச்சை விளக்கு எரியும். வாட்சுக்கோ, நாம் நேரம் பார்க்கத் திருப்புகிறோமா வேறு எதற்காவது திருப்புகிறோமா என்று தெரியாது. உங்களில் யாரேனும் அதைக் கட்டியிருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் ஒரே வரிசையில் நின்றவர்கள்.

வளைவுக்கு வளைவு

முதலில் வந்தவர் முடிச்சூர் ஏழுமலை. விடியுமுன் வேன் எடுத்து, நாவலூர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நேரம் பார்க்க வசதியாக, வாட்சின் முகம் உள்ளங்கைப் பக்கம் வருமாறு கட்டுவார். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டுகிறோம். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் நிலையில் வேறு எப்படிக் கட்டினாலும் நேரம் தெரியாது. நானும் அப்படிக் கட்டுபவள்தான்.

அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த விளக்கு எரிந்திருக்கிறது. புது வாட்சின் பேட்டரி, மழைக்காலம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. வாரண்டியில் இலவசமாக மாற்றிக் கொடுத்தேன். கீழ்ப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் திரையின் ஓரத்தில் உள்ள சிறிய குறி மறையும், அதன் பிறகு விளக்கு தானாக எரியாது என்று செய்து காட்டினேன். அவர் அந்தக் குறியை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா மேடம் இது, எங்க தெருவுல கம்பத்து லைட்டு எரிஞ்சி எவ்ளோ காலமாவுது, இது மட்டும் வளைவுக்கு வளைவு எரிஞ்சிகினு கீது."

தீர்த்தம் வாங்கிய கை

அடுத்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வரதராஜன். சனிக்கிழமை தவறாமல் அதிகாலையில் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குச் சென்று படியேறுபவர். நடைப்பயிற்சிக்காக மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. சந்நிதிக்குள் விளக்கொளியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. தீர்த்தம் வாங்க இவர் இரு கைகளையும் குவித்து நீட்டியிருக்கிறார். வலக்கைக்கு அடியில் இருந்த இடக்கையில், உள்பக்கம் பார்த்திருந்த வாட்ச், தீர்த்தம் கொடுத்த பட்டர் முகத்தில் பச்சை வெளிச்சத்தை அடித்திருக்கிறது. தலையில் சடாரி வாங்கக் குனிந்து வாய் பொத்தியபோது மறுபடியும்.

வாட்சைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, வரிசையில் நின்றிருந்த மற்றவர்கள் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் அவர் சொன்னார்:

"பட்டர் சிரிச்சுண்டே சொல்லிட்டார்ம்மா, 'தீபாராதனை காட்டத்தான் நாங்க இருக்கோமே சுவாமி, நீர் வேற எதுக்கு'ன்னு."

நாவலூர் மீட்டிங்

உள்பக்கமாகக் கட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைத்திருந்தபோது, கார்த்திக் என்ற மென்பொருள் இளைஞர் வந்து அந்த எண்ணத்தைக் கலைத்தார். இவர் நிறுவனம் விரும்பும் விதத்தில், வெளிப்பக்கமாகவே கட்டுபவர். அலுவலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, திரையில் எதையோ காட்டி மணிக்கணக்கில் பேசுவார்களாம். இவர் குறிப்பெடுக்கக் கையைத் திருப்பினாலும், மோவாயில் கை வைத்துக் கேட்டாலும் வாட்ச் பளிச்சென்று எரியும். மேலாளர் பேச்சை நிறுத்தி, "அவசரமா போகணுமா கார்த்திக்?" என்று கேட்பாராம்.

ஆண்டு மதிப்பீட்டில் 'ஆர்வம் குறைவு' என்று எழுதிவிட்டார்கள். வாட்சில் பழுது ஏதும் இல்லை, அது தன் கடமையைத்தான் செய்கிறது என்று நான் விளக்கியதும், அவர் சோர்ந்த குரலில் சொன்னார்:

"நான் டைம் பாக்கவே இல்ல மேடம், இதுதான் எப்பப் பார்த்தாலும் என்னைப் பாக்குது."

இரண்டே சொற்கள்

அதன் பின்னர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அந்த வகை வாட்ச் எதுவானாலும், எந்தக் கையில், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறீர்கள் என்று கேட்பேன். தானியங்கி விளக்கை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்து, உரியவர் விரும்பினால் நிறுத்தியே அனுப்புவேன். ஆளும் நிம்மதியாகப் போவார், பேட்டரியும் நீடிக்கும்.

செய்தி எப்படியோ மேலிடத்துக்குப் போய், வட்டார சர்வீஸ் அதிகாரி நேரில் வந்தார். டை கட்டிய, மரியாதை தெரிந்த இளைஞர். இரண்டு உத்தரவுகள் கொண்டுவந்திருந்தார். தானியங்கி விளக்குதான் வாட்சின் சிறப்பம்சம் என்பதால் சர்வீஸ் சென்டர் அதை நிறுத்தக் கூடாது. உள்பக்கமாகக் கட்டியவரின் பேட்டரி தீர்ந்து வந்தால், காரணம் என்ற இடத்தில் 'தவறான பயன்பாடு' என்று எழுதி, வாரண்டி இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஆதாரமாக, வாட்சுடன் வரும் ஆங்கிலக் கையேட்டை விரித்து, மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவதைத் தவிர்க்கவும் என்ற வரியின் மேல் விரலை வைத்தார். எறும்பு வரிசை போன்ற எழுத்து.

"இந்த வரியை விற்பதற்கு முன் காட்டுகிறீர்களா, விற்ற பிறகு காட்டுகிறீர்களா?" என்று கேட்டேன். "உள்பக்கம் கட்டுவது இங்கே தலைமுறையாக உள்ள பழக்கம். அது தெரியாமல் வாட்சை வடிவமைத்துவிட்டு, கட்டியவர் கை தவறு என்று நான் எப்படி எழுதுவது?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். உள்ளே சேவியர் சுத்தியல் தட்டுவதை நிறுத்தியிருந்தார். அதிகாரி கையேட்டை மடித்துக்கொண்டு, சென்டர் உரிமம் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது என்பதை நினைவூட்டிவிட்டுக் கேட்டார்:

"ஒண்ணு சொல்லுங்க மேடம், நீங்க கம்பெனி பக்கமா, கஸ்டமர் பக்கமா?"

கண்ணில் மின்னல்

அந்த வாரமே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குரோம்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையின் செவிலியர் ஸ்டெல்லா, நின்றுபோன வாட்சுடன் வந்தார். வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

செவிலியர்கள் வாட்சை உள்பக்கமாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. நோயாளியைத் தூக்கிப் புரட்டும்போது முதியவர்களின் மெல்லிய தோலில் கண்ணாடி உரசிவிடக் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் அறையில் வெளிச்சம் மங்கலாகவே இருக்கும். ஸ்டெல்லா ஒரு பெரியவரின் நாடியைப் பிடித்திருக்கிறார். பெரியவர், "கண்ணுல மின்னல் வெட்டுதும்மா" என்றிருக்கிறார். கண் மருத்துவத்தில் அந்த வார்த்தையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. விழித்திரை விலகுவதற்கு அதுவும் ஓர் அறிகுறி. டாக்டரை ஓடி அழைத்திருக்கிறார். ஒரு கண்ணில் இருந்த கட்டைப் பிரித்து, இரு கண்களிலும் மருந்து விட்டு, நெடுநேரம் சோதித்தும் குறை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஸ்டெல்லா வாட்ச் கட்டிய கையை எடுக்கும்போது டாக்டர் முன்னாலேயே மின்னல் வெட்டியிருக்கிறது. நோயாளிகள் முன்னிலையில் திட்டு வாங்கியவர், வாட்ச் தானாக நின்றபோது சந்தோஷப்பட்டதாகவே சொன்னார்.

விதிப்படி நான் எழுத வேண்டிய இரண்டு சொற்களை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"மாத்திக் கட்டிக்கிறேன்க்கா. பேஷன்ட் தோல் கிழிஞ்சா, உங்க கம்பெனி வந்து தையல் போடுமா?"

பாய் சொன்னது

பேட்டரியை வாரண்டியிலேயே மாற்றினேன். காரணம் என்ற இடத்தில், 'பயன்பாடு சரி. வடிவமைப்பு தவறு' என்று தெளிவான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். நிறுவனத்திலிருந்து பதில் தொலைபேசியில் வந்தது. அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இனி உத்தரவுப்படி நடப்பதாக எழுதிக் கொடுத்தால் உரிமம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போர்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அசல் பாகங்கள் வராது. போர்டைப் பார்த்து உள்ளே வருபவர்கள் ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு கடை தேடுவார்கள். பாயின் முதலீடு, சேவியரின் வேலை, எல்லாம் அதில் இருந்தது. நான் எழுதியதற்கு நானே பொறுப்பேற்று விலகிக்கொள்கிறேன், நீங்கள் வேறு ஆளை வைத்து எழுதிக் கொடுங்கள் என்று பாயிடம் சொன்னேன். ஆனால் வாசகத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றும் சொன்னேன்.

பாய் உடனே வீரம் பேசிவிடவில்லை. முதலில், "கொஞ்சம் விட்டுத்தான் குடுங்களேன் எஸ்தரம்மா" என்றார். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, மதியத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"போர்டு அவங்க மாட்டுனது, வேணும்னா அவங்களே கழட்டிக்கட்டும். உங்களை அங்க நிக்க வெச்சது நானு."

அதிகாரியின் கை

கழற்றிக்கொள்ளத்தான் வந்தார்கள். ஏணியுடன் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு அதே அதிகாரி வந்தார். ஆள் வெளியே திருகாணிகளைக் கழற்ற, அதிகாரி கவுண்டரில் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவர் கையிலும் அதே வாட்ச். பழக்கத்தால் என் கண் திரையின் ஓரத்துக்குப் போயிற்று. அந்தச் சிறிய குறி அங்கே இல்லை.

"சார், உங்கள் வாட்சில் சிறப்பம்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்களே. எந்த சர்வீஸ் சென்டரில் செய்தார்கள்?" என்று கேட்டேன். சேவியர் லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அதிகாரி சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடினார். பிறகு, மூடுவதில் பயனில்லை என்று தெரிந்தவராகச் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. வாசலில் இருந்த ஆளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கார் ஓட்டறப்ப கண்ணைக் கூசுது மேடம். எங்க ஆபீஸ்ல எல்லாருமே ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்கோம்."

போர்டு இருந்த இடம்

சில மாதங்கள் கடினமாகவே இருந்தன. பாகங்களுக்காக சேவியர் பாரிமுனை வரை அலைந்தார். போர்டு இருந்த சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெயில் படாமல் புதிதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, தானியங்கி விளக்கை நிறுத்தும் முறையைப் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதி ஒட்டினேன். வாட்சை எந்தப் பக்கம் கட்டினாலும் இங்கே வரலாம் என்று கடைசி வரியில் சேர்த்தேன்.

ஒருநாள் ஏழுமலையின் வேன் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லாரும் நாவலூர் அலுவலக அடையாள அட்டை அணிந்தவர்கள். பாதிப் பேர் கையில் அதே வாட்ச். தயங்கி நின்ற அவர்களுக்கு ஏழுமலை எங்கள் சுவரைக் காட்டிச் சொன்னார்:

"இதான் நான் சொன்ன கடை. போர்டு இல்லன்னு பாக்காதீங்க சார், அந்தக்கா லைட்ட நிறுத்துனா நிறுத்துனதுதான்."

ஒரு சிறு பொத்தானை அழுத்தி ஒரு சிறு விளக்கை அணைப்பதற்கு, ஒரு பட்டமும் ஒரு முதலாளியின் துணிவும் ஒரு நீல போர்டும் எங்களுக்குச் செலவாயின என்றாலும், அணைத்த விளக்கு ஒன்றைக்கூட நான் திரும்ப ஏற்றிக் கொடுத்ததில்லை.