பக்காசுரன் மலைக் கோட்டை: சுதா பார்த்தே ஆக வேண்டும் என்றாள்

போன தை மாதக் கடைசியில் குன்னூருக்குப் போய்வந்தோம். காரணம் என் மனைவி சுதாவின் கண். விழித்திரையில் ஒரு நோய். நேரே இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பது போல என்று அவளே சொல்வாள். அந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி வருகிறது. அந்தப் பயணத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் இதை உறுதி செய்த அன்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துப் பார்க்க வேண்டிய இடங்களை எழுதுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஓர் இடத்தைத்தான் சொன்னாள். "பக்காசுரன் மலைக்குப் போகோணுங்க. நடந்து." குன்னூருக்குப் பக்கத்தில், உச்சியில் ஒரு பழைய கோட்டை உள்ள மலை அது.

சுதா உடுமலையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. நான் அங்கேயே பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். மலையேறிப் பழக்கம் இரண்டு பேருக்குமே இல்லை. வண்டி போகும் இடமாகப் பார்த்துப் போகலாம் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

உடுமலையிலிருந்து கோவை, மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பேருந்திலேயே போனோம். மதியம் இரண்டு மணிக்கு இறங்கி, மேல் குன்னூரில் அறை எடுத்தோம். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். மாலையில் ஊரைச் சுற்றினோம். சிறிய நகராட்சிதான். ஆனால் இங்கே எந்தத் தெருவும் மட்டமாக இல்லை. மார்க்கெட்டுக்குள் காய்கறிக் கடைகளுக்கு நடுவே படிகள் திடீர் திடீரென்று இறங்கும். மலைப்பாதையும் ரயிலும் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் பெரிதாக்கிய ஊர் என்றாலும், அதற்கு வெகுகாலம் முன்பே படகர்களின் ஊர்கள் சுற்றிலும் இருந்தன என்று சுதா சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லும்போதே இரண்டு முறை படி தவறினாள். நான் கையைப் பிடிக்கப் போனால் உதறிவிடுவாள். அந்த எட்டு மாதமாக எங்களுக்குள் இதே சண்டைதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீப். ஓட்டுநர் செந்தில், பூர்வீகம் காரமடை. போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். தேயிலைத் தோட்டங்களுக்குள் குலுங்கிக் குலுங்கி முக்கால் மணி நேரம் போனோம். தனியார் எஸ்டேட் வாசலில் பெயர் சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். பாதை முடியும் இடத்தில் செந்தில் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க, இங்கிருந்து நாலு கிலோமீட்டர் இருக்குமுங்க. பதினோரு மணிக்கு மேல கீழ இருந்து மஞ்சு ஏறிரும். அப்பறம் போயும் ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். மஞ்சு என்றால் மூடுபனி.

முதல் பாதி தேயிலைக்கு நடுவே மண்பாதை. சுதா கைத்தடியை முன்னால் தட்டிக்கொண்டு வேகமாகவே நடந்தாள். ஒரு வளைவில் என் ஷூ கயிறு அவிழ்ந்ததால் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் இருபதடி முன்னால் போயிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், செடிகளுக்குள் மார்பளவு புதைந்து, ஒரு காட்டுமாடு நின்றது. தனி ஆண். அவளுக்கு அது தெரியவில்லை. இன்னும் நான்கடி வைத்தால் அதன் முகத்துக்கு நேரே போய்விடுவாள். கத்தினால் மாடு மிரளும்.

மேல் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் பேசினார். சத்தமில்லாத, நிதானமான குரல். "அம்மா, அப்படியே நில்லுங்க. திரும்ப வேணாம். அப்படியே."

சுதா நின்றாள். மாடு மூச்சு விட்டது எனக்கே கேட்டது. தலையை ஒருமுறை ஆட்டியது. பிறகு அவசரமே இல்லாமல் செடிகளைப் பிளந்துகொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

அந்த அம்மாவின் பெயர் லெட்சுமி. சின்னப் பிள்ளையாகப் பெற்றோருடன் இலங்கையிலிருந்து வந்தவர். "எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலயே வரும். நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா போயிடும். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க," என்றார்.

நான் சுதாவிடம், "போதும். திரும்பிடலாம்," என்றேன்.

"நான்தான் அதைப் பாக்கவே இல்லையே. பயந்தது நீங்கதானுங்க."

"விளையாடாத, சுதா. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

அவள் கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "சரி, நீங்க முன்னாடி போங்க. உங்க தோள்ல கை வெச்சுக்கிட்டு வர்றேன். ஆனா திரும்ப மாட்டேன்," என்றாள்.

எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் உதவி அது.

அரைமணி நேரம் காத்திருந்து கிளம்பினோம். தேயிலை முடிந்ததும் சோலைக்காடு. ஈரக் கற்கள், குறுக்கே ஓடும் வேர்கள். "கல்லு. வலப்பக்கம் பள்ளம். இப்ப ஏத்தம்," என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி ஏற்றம் செங்குத்து. இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்தோம். மேலே சேர்ந்தபோது மணி பதினொன்றரை. செந்தில் சொன்னபடியே மூடுபனி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

கோட்டை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். திப்பு சுல்தான் காலத்தில் காவல் கோட்டையாக இருந்தது என்கிறார்கள். இன்று மிச்சமிருப்பது பாசி பிடித்த ஒரு மதில் துண்டு. சுதா கல்லைத் தடவித் தடவி அதன் முழு நீளமும் நடந்தாள். பிறகு கீழே சமவெளி இருக்க வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். வெறும் வெள்ளை. போகலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். அவள் எழவில்லை.

ஒரு மணி வாக்கில், "அதோ," என்றாள். நான் அங்குமிங்கும் தேடினேன். எனக்கு வெள்ளைதான் தெரிந்தது. அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். மூடுபனியில் ஒரு தட்டு அளவுக்குத் துளை. அதற்குள் வெயில் அடிக்கும் வயல்கள், ஆற்றின் ஒரு வளைவு, சில கூரைகள். சுற்றிலும் எதுவும் இல்லை.

"எனக்கு எப்பவும் இப்படித்தானுங்க இருக்கும்," என்றாள். "மோசமில்லைல்ல?"

துளை மூடும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். எஸ்டேட்டில் அனுமதி உண்டா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கினால் மூடுபனிக்கு முன் மேலே போய்விடலாம். வழியில் கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுவதும் தடை, எவர்சில்வர் பாட்டில் நல்லது. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். காட்டுமாட்டைப் பார்த்தால் போட்டோ எடுக்க நெருங்காதீர்கள்.

பார்வை குறைந்தவர் யாராவது உடன் வந்தால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முன்னால் போய்த் தோளைக் கொடுங்கள், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இது எனக்குப் புரிய எட்டு மாதமும் ஒரு காட்டுமாடும் வேண்டியிருந்தது.