நாலு விரல் வாட்டம்

குடையக்கா தன் வாழ்நாளில் குடை பிடித்ததே இல்லை. மழை வந்தால் நனைவாள், நனைந்துகொண்டே அடுத்தவர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பாள். ஒழுகுகிற வீடுகளை ஒழுகாமல் செய்து கொடுப்பது அவள் தொழில். பத்தொன்பது வருஷமாகச் செய்கிறாள். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது.

அதற்கு முன் ஒரு காகிதக் கிடங்கில் வேலை. ஒருநாள் கூரை ஒழுகி ஓர் அடுக்குக் காகிதம் ஊறிப்போக, மேலாளர் இவள் தலையை உருட்டினார். கூரை பார்க்க வந்தவர்கள் மூன்று தடவையும் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே எதையோ பூசிவிட்டுப் போனார்கள். நாலாம் தடவை அவளே ஏணி வைத்து ஏறினாள். தண்ணீர் நுழைந்த ஓட்டை பதினோரு அடி தள்ளி இருந்தது. அதைத் தானே அடைத்துவிட்டு, மேலாளரையும் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு, அந்த வாரமே வேலையை விட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலி போட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்காரர் மேலே நின்று வாளி வாளியாக ஊற்ற வேண்டும். சட்டையில் ஒரு சொட்டு பட்டாலும் வேலையை முதலிலிருந்து செய்து தருவதாகப் பேச்சு. இதுவரை பட்டதில்லை. இதை ஊர் முழுக்க அவளே சொல்லிக்கொண்டும் திரிவாள். அடக்கத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஊரே கூப்பிட்டாலும் கூடப் பிறந்த அண்ணன் மட்டும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். தங்கை ஏணி ஏறுவது அவருக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அவர் வீட்டின் பின்பக்கம், மாடியறையை ஒட்டி, ஆறு தூண்களின் மேல் ஒரு மரத்தளம் நின்றது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் மேலே பெய்கிற மழையெல்லாம் கீழேயும் பெய்தது. யாரையோ பிடித்து இரண்டு தடவை இடைவெளிகளில் தார் அடைத்துப் பார்த்தார். பலகை உப்பியது, தார் பிளந்தது, மழை பழையபடி இறங்கியது.

இப்போது அவருடைய கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கடையை அந்தத் தளத்துக்கு அடியில்தான் கொண்டுவந்தாக வேண்டும், வேறு இடம் இல்லை. கடிகாரக்காரருக்கு ஈரம் எமன். மூச்சுக்காற்று படக்கூடாதென்று வாயில் துணி கட்டிக்கொண்டுதான் அவர் ஒரு கடிகாரத்தின் முதுகைத் திறப்பார். யாராவது தேநீர் கொண்டுவந்தால்கூடச் சட்டென்று கண்ணாடி மூடியை எடுத்துக் கவிழ்த்துவிடுவார். அந்த இடம் உலரவில்லை என்றால் முப்பது வருஷத் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் அண்ணிதான் போன் போட்டாள்.

குடையக்கா பலகைகளைத் தொடவே இல்லை. "மேல விழற தண்ணி விழட்டும். வந்த தண்ணிய எங்க அனுப்பறோங்கறதுதான் வேலை," என்றாள். பலகையைத் தாங்கும் சட்டங்களிலிருந்து திருகு கம்பிகளை இறக்கி, அவற்றில் நட்டு முடுக்கி நெளித் தகடுகளைத் தொங்கவிட்டாள். சுவர்ப் பக்கம் உயரம், வெளிப்பக்கம் நாலு விரல் இறக்கம். அந்த வாட்டத்தில் தண்ணீர் ஓடி, ஓரத்தில் வாய்க்கால் போல மாட்டிய காடியில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போய்விடும். மூன்று நாளில் முடித்தாள். அண்ணன் மூன்று நாளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அண்ணி மேலிருந்து ஊற்றினாள். ஒன்பதாவது வாளியில் இடது தோளில் சில்லென்று ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொன்று.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் சொட்டு, அதுவும் இந்த வீட்டில், இந்த மனிதர் கண்ணெதிரே. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பத்து வாளிகூட ஆகல," என்றார் அண்ணன்.

அவள் ஏணியில் ஏறி, ரசமட்டத்தை எடுத்துத் தகட்டின் அடியில் பிடித்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. அடுத்த தகட்டிலும் நடுவில். இருபத்துநாலு கம்பிகளிலும் நட்டைத் திருகி, மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்திருக்கிறார்கள். ஓட வழியில்லாமல் தண்ணீர் தேங்கி, தகடுகள் சேருமிடத்தில் பின்னோக்கி ஏறி இறங்கியிருக்கிறது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு துல்லியமாகக் காரியத்தைக் கெடுக்க உலகத்திலேயே ஓர் ஆளால்தான் முடியும்.

"அண்ணே, இதுல கை வெச்சீங்களா?"

"கோணலா இருந்துச்சும்மா. விடியக்காலம் எந்திரிச்சு நேராக்கினேன்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "செவுத்துல ஊசல் கடிகாரம் மாட்டணும். மேல கோணலா இருந்தா, பாக்கறவன் கடிகாரம் கோணல்னுதானே சொல்லுவான்?"

"கடிகாரத்துக்கு மட்டம் வேணும். தண்ணிக்கு வாட்டம் வேணும். நீங்க தண்ணிய மணி பாக்கச் சொல்லியிருக்கீங்க."

மேலே அண்ணி வாளியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் தகட்டையும் தங்கையின் தோளில் இருந்த ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப தப்பு என்னுதா?"

"சந்தேகமே வேண்டாம்."

அவர் ஸ்பேனரை எடுத்தார். அவள் கீழே நின்று அளவு சொன்னாள், அவர் ஒவ்வொரு நட்டாகத் திருகி வாட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், அதை அவளும் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். மதியம் முடிந்தது. அவள் நாற்காலியை இழுத்தபோது அவர் தடுத்தார்.

"இந்தத் தடவ நான் உக்காரறேன். நீ போய் ஊத்து."

அவள் மேலே போனாள். ஒன்பது வாளி ஊற்றினாள். இருபது ஊற்றினாள். ஓரத்துக் குழாய் களகளவென்று கொட்டிக்கொண்டிருந்தது, கீழேயிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. முப்பதாவது வாளியை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

அண்ணன் நாற்காலிக்கு முன்னால் மேசை போட்டிருந்தார். வாயில் துணி கட்டியிருந்தார். மேசைமேல் யாரோ ஒரு வாடிக்கையாளரின் கைக்கடிகாரம் முதுகு திறந்து, சக்கரமெல்லாம் தெரியக் கிடந்தது. கண்ணாடி மூடி தரையில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மேலே அண்ணி முப்பத்தொன்றாவது வாளியைத் தடாலென்று கொட்டினாள். அவர் நிமிரவில்லை.

"வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லும்மா," என்றார்.

அவள் தள்ளி நின்றாள்.