கல்லுக்கு ஒரு வினைச்சொல்

காலை ஏழு இருபதுக்குக் கருமத்தம்பட்டி கிரானைட் பட்டறை முன் காரை நிறுத்தினோம். முதலில் கண்ணில் பட்டது, சுவரில் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் கல். எழுத்து வெட்டுவதற்கான ஸ்டிக்கர் அதில் ஒட்டப்பட்டிருந்தது. இடது பாதியில் மாமனாரின் பெயர், கீழே 'எக்ஸ்பயர்டு' என்று ஆங்கிலத்தில், அதன் பின் தேதி. வலது பாதி பிற்பாடு மாமியாருக்கு. அது காலியாக இருந்தது.

மாமனாரின் முதல் வருஷப் பூசை அடுத்த ஞாயிறு. அதற்குள் கல்லறையில் கல் நட வேண்டும். பேரப்பிள்ளைகள் எல்லோரும் இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள் என்பதால் கல் ஆங்கிலத்தில் என்று முடிவாகியிருந்தது. வாசகம் எழுதிக் கொடுத்தது மைத்துனன். என் மனைவி அதை அன்றுதான் பார்த்தாள்.

"என்னடா இது, எக்ஸ்பயர்டு? அப்பா என்ன பால் பாக்கெட்டா?"

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்கக்கா. ஊருக்குள்ள போஸ்டரைப் பாரு."

"போஸ்டர் ரெண்டு நாள்ல கிழிஞ்சுபோயிரும். இது கல்லுடா. 'பாஸ்டு அவே'ன்னு போடு."

"பாஸு, ஃபெயிலுன்னு போட, அப்பா என்ன பரீட்சையா எழுதினாரு?"

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ சொல்லப் போனார்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஆங்கிலப் பத்திரிகையில் சப்-எடிட்டராக இருந்தவன். மரணச் செய்தியில் 'எக்ஸ்பயர்டு' வந்தால் அடித்துவிட்டு 'டைடு' என்று போடுவது எங்கள் மேசை வழக்கம். 'பாஸ்டு அவே'யையும் விட்டுவைக்க மாட்டோம். அதைச் சொன்னேன். எக்ஸ்பயர்டு தப்பில்லை, அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறது, ஆனால் படிக்கிறவருக்கு மருந்து பாட்டில்தான் ஞாபகம் வரும் என்றேன்.

"டைடா?" என்றான் மைத்துனன். "நாய் செத்தாலும் டைடுதானுங்க மச்சான்."

"அதுல மட்டும் அவன் சொல்றது சரி," என்றாள் மனைவி.

பட்டறைக்காரர் டீயோடு வந்தார். "எதுவானாலும் இப்பச் சொல்லிருங்க. வெட்டிப்போட்டா மாத்த முடியாதுங்க."

"இருக்கறதே இருக்கட்டுங்க," என்றான் மைத்துனன். பிறகு அக்காவிடம் சொன்னான்: "ஐசியு வாசல்ல டாக்டர் எங்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டது நான்தான். செத்துட்டாருன்னு வாயில வரல. இறந்துட்டாருன்னும் வரல. உனக்கும் 'அப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாரு'ன்னுதான் சொன்னேன். அப்ப நீ பால் பாக்கெட்டான்னு கேக்கலயே."

மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி சொல்லும்போது பலரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். 'எக்ஸ்பயர் ஆயிட்டாருங்க' என்பதில் கடைசி 'ங்க' எப்படியோ, அப்படித்தான் 'எக்ஸ்பயர்' என்பதும், மரியாதைக்குச் சேர்ப்பது. பத்திரிகையில் அந்தச் சொல்லை அடித்த காலமெல்லாம் நானும் வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமியார் அதுவரை காரிலேயே, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து வலது பாதியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்தப் பக்கம் எனக்குத்தானே?"

"ஆமாங்க அத்தை."

"இதுலயும் அதே வார்த்தைதான் வருமா?"

பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தாம்மா பார்க்க நல்லா இருக்கும்."

"அப்ப நானும் பால் பாக்கெட்தானா?" என்றார் மாமியார்.

முதலில் சிரித்தது மனைவிதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டிருங்கண்ணா," என்று பட்டறைக்காரரிடம் சொன்னாள்.

பூசைக்கு முந்தின நாள் கல் நட்டார்கள். அதில் எக்ஸ்பயர்டு என்றுதான் இருக்கிறது.