பிராகில் மூன்று இரவு

கிளெண்டா என் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் எங்கள் தெருவையே சிரிக்க வைத்தவள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் கணவன் நோரிஸ் கூரை வேலையில் தவறி விழுந்து கழுத்து முறிந்த நாளிலிருந்து அவனைத் தூக்கி, கழுவி, ஊட்டி, அவனிடமே ஏச்சும் வாங்கினாள். அவனுக்குக் கைகால்தான் போயிற்று, வாய் போகவில்லை.

வருடக்கணக்கில் கெஞ்சியபின் நகர கவுன்சில் அவளுக்கு மூன்று இரவு ஓய்வு கொடுத்தது. அந்த நாட்களில் நோரிஸ் காப்பகத்தில் இருப்பான். சுற்றிப் பார்க்க அவள் செக் நாட்டின் பிராகைத் தேர்ந்தெடுத்தாள். என் சமையலறையில் தேநீரோடு உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

பாலம், கோட்டை, மணிக்கூண்டு, எல்லாவற்றையும் முதல் நாளிலேயே அடைத்தாள்.

"கடைசி நாளுக்கு என்னடி மிச்சம்? திரும்பற விமானம் எப்போ?"

"திரும்பறதுக்கு டிக்கெட் எடுக்கலை."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அங்கேருந்து எல்லா ஊருக்கும் ரயில் போகுதாம். எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழைச்சுக்கறேன். காலையில எழுந்ததும் அந்தாளுக்கு மூச்சு இருக்கான்னு பாக்கறேன். இருந்தா அழுகையா வருதுடி. இதுக்கு மேல நான் இங்க இருக்கக் கூடாது."

அவள்மேல் கோபம் வந்தது. நானாக இருந்தால் எப்போதோ ஓடியிருப்பேன் என்றும் தோன்றியது. அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

கிளம்பும் நாளன்று அவள் மாடியில் உடை மாற்ற, நான் கீழே நோரிஸின் பையை அடுக்கினேன்.

"மாத்திரை எவ்வளவு வச்சே, கண்ணு?" என்றான்.

"மூணு நாளைக்கு."

"இருக்கிறது எல்லாத்தையும் வை. கம்பளி ஸ்வெட்டரும் வை."

"ஜூன் மாசத்துல ஸ்வெட்டர் எதுக்கு?"

"டிசம்பர்ல குளிரும்ல."

என் கை நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தேன்.

கிளெண்டா பெட்டியோடு இறங்கி வந்தாள். கட்டிலருகே வந்து தயங்கினாள். அவன் நெற்றியைத் தொடக் கை நீட்டினாள்.

"நோரிஸ், நான்..."

"இன்னும் போகலையா நீ? உன் மூஞ்சியைப் பாக்காம மூணு நாளாவது நிம்மதியா இருக்க விடு!"

அவள் முகம் சிவந்தது. "எனக்கும் அதேதான்!" என்று கத்திவிட்டுப் போனாள். கதவு அறைந்து சாத்திய வேகத்தில் ஜன்னல் அதிர்ந்தது. டாக்சி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அழ விட்டா போயிருக்க மாட்டா," என்றான் நோரிஸ். பிறகு மூக்கைத் துடைத்துவிடச் சொன்னான்.