முதல் வாய்

எங்கள் தீவை ஒரு சைக்கிளில் சுற்றிவிடலாம். படகில் வருபவர்களுக்குப் பார்க்க இருப்பது கடல் ஒன்றுதான், அதையும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வருகிறார்கள். இறங்கியதும் பசி. ஆனால் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பார்கள், இவர்கள் வயிறு மட்டும் ஏதோ கண்ணாடியில் செய்ததுபோல.

அந்தச் சந்தேகத்தில்தான் என் வீட்டுக்காரர் பிழைத்தார். விருந்தாளிகளைக் கடை கடையாகக் கூட்டிப்போவார். தட்டு வந்ததும் முதல் வாய் அவர் சாப்பிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'முதல்வாய்'. வீட்டில் நான் ஆக்கி வைப்பது ஆறிக்கிடக்கும்.

என் தம்பி படகுத்துறையில் மீன் கடை போட்டதும், எல்லாக் கூட்டத்தையும் முதலில் அங்கேதான் அழைத்துப்போனார். ஒரு நாள் அங்கே சாப்பிட்ட மூன்று பேருக்கு வாந்தி. ஒரு சின்னப் பெண்ணைப் படகில் போட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் மட்டும் ஒன்றும் ஆகாமல் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

"நானும் அங்கதானே சாப்பிட்டேன்? வெயில் ஒத்துக்கல, அவ்வளவுதான்," என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னார். ஊர் நம்பியது. நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த கூட்டம் வந்த அன்று தம்பி கடையில் ஒத்தாசைக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வழக்கம்போல இவர் முன்னால் ஒரு சின்னத் தட்டை வைத்தான். விருந்தாளி ஒருவர் விளையாட்டாகத் தன் தட்டை இவர் பக்கம் தள்ளினார். இவரும் சிரித்துக்கொண்டே அதில் கை வைத்தார்.

தம்பி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தான். "மாமா, அது வேணாம். பழைய மீனு. உங்களுக்குன்னு தனியா இப்பத்தான் வறுத்தேன்."

"எப்போலேந்துடா இப்படி?"

"கடை போட்டதிலேந்துதான். உங்களுக்குப் போய் பழசைப் போடுவேனா மாமா?"

பாசத்தோடுதான் சொன்னான், பாவி. பாஷை புரியாத விருந்தாளிகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இவர் கையை உதறிவிட்டு அந்தத் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார். தலையை ஆட்டவில்லை. எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே படுத்துவிட்டார். குடல் வெளியே வந்துவிடுமோ என்று பயப்படும்படி வாந்தி. மறுநாள் தம்பி சொம்பு நிறைய இளநீரோடு வாசலில் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"அக்கா, மாமாவுக்குக் குடுக்கா. இப்பத்தான் வெட்டினது."

கூடப் பிறந்தவன். தூக்கி வளர்த்தவள் நான். இருந்தும் சொம்பை நான் வாங்கவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு," என்றேன்.