தூரம் என்றும் தொலை என்றும்

எங்கள் வீட்டில் தூரம் என்றால் மாதத்தில் மூன்று நாள். நடக்க வேண்டிய வழி அதிகமாக இருந்தால் அம்மா அதைத் 'தொலவு' என்றுதான் சொல்வாள். உத்திரமேரூர் தொலவு, ஆஸ்பத்திரி தொலவு. தூரம் என்ற சொல் எனக்கும் தங்கைக்கும் மட்டும்தான். "அவ தூரம்" என்று அம்மா யாரிடமாவது சொன்னால், தங்கை கொல்லைப்பக்கம் தனித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று பொருள். பன்னிரண்டு வயதில் ஒருமுறை அவள் அங்கிருந்து கத்தினாள்.

"தூரம்னா இன்னாம்மா? நான் இங்கதான கீறேன்?"

நான் சிரித்தேன்.

தொலை என்பது இன்னும் எளிதாக வரும். வந்து தொலை, தின்னு தொலை, படுத்துத் தொலை. அப்பா போன பிறகு எங்கள் மூவருக்குள் இருந்த கொஞ்சலே அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் கழித்துத் தங்கையையும் அதே லைனில் சேர்த்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை எடுத்தோம். அங்கே யாரும் யாருக்கும் தூரமில்லை. அந்த மூன்று நாளும் லைனில் நின்றோம், திரும்பி வந்து சமைத்தோம். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஓர் ஆடி மாத ஞாயிறு, தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்ற வேண்டிக்கொண்டு அம்மா வந்தாள். பானையை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் தங்கை போய்க் கிளறினாள். அன்று அவளுக்கு இரண்டாம் நாள். ஈரத்தலையோடு வந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். தங்கைக்குப் பொய் வராது.

"தூரமானவ தூரமா நிக்க வேணாமாடி? சாமிக்கு ஊத்தற கூழுடி!"

"மாசம் பூரா வண்டிக்கு ஒயர் கட்றேன். அந்த வண்டிக்குத்தான் மாலைய போட்டு, கோயில்ல பூஜை போட்றானுங்க. அதுல ஒட்டாத தீட்டு கூழ்ல வந்து ஒட்டிகிச்சா?"

அம்மா அழத் தொடங்கினாள். ஆறு நாள் ஷிஃப்ட் பார்த்த அலுப்பு எனக்கு. தங்கை கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன்.

"ஒரு நாள் நிம்மதியா வுட மாட்டியா? எங்கனா போய்த் தொலையேன்டி."

எத்தனையோ தடவை சொன்னதுதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பெனியில் ஓ.டி. இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அம்மா கூழைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வந்தது. தங்கை இறங்கவில்லை. போன் அணைந்திருந்தது. அன்றைக்கு அவள் உள்ளே வந்து பஞ்ச் வைக்கவே இல்லை என்றார் சூப்பர்வைசர். சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் பார்த்ததாக லைனில் ஒருத்தி சொன்னாள். அங்கே ரயிலடியில் போய்க் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதினேன். 'என் தங்கை தொலைந்துவிட்டாள்' என்று தொடங்கியிருந்தேன். வாங்கிப் படித்த பெண் கான்ஸ்டபிள் தன்மையாகத்தான் சொன்னார்.

"தொலையறது பொருளும்மா. ஐடி கார்டு தொலையும், மார்க் ஷீட்டு தொலையும். மனுசங்கள காணவில்லைன்னு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். அடித்த சொல் கோட்டுக்கடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

பத்து மாதம் அப்படிப் போனது. அம்மா ஊருக்குத் திரும்பவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரே நிறக் கோட்டு, ஒரே தொப்பி, முகக்கவசம் என்று நூற்றுக்கணக்கான பெண்கள் பஸ்களிலிருந்து இறங்குவார்கள். கண் மட்டும் தெரியும். அத்தனையும் அவள் கண்ணாக இருக்கும். ஒருமுறை ஓடிப்போய் ஒருத்தியின் கையைப் பிடித்தேன். "இன்னாக்கா வேணும்?" என்றாள். வேறு யாரோ.

அறையிலும் அவள் இருந்தாள். குளித்து முடித்ததும் வாளிக்குள் சொம்பை 'டக்'கென்று போடுவது தங்கையின் பழக்கம். ஒரு மத்தியானம் குளியலறையில் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்றிருப்பேன். அம்மாவும் அதே நொடியில் தலையைத் திருப்பினாள். இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

கம்பெனிப் படிவத்தில் 'தொலைபேசி எண்' என்ற கட்டத்தைக்கூட நிரப்பாமல் விட்டேன். அம்மா தூரம் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். எனக்கு அந்த நாள் என்று தெரிந்தும் ஒருநாள் கரண்டியை என்னிடம் நீட்டி, "நீயே கிண்டு" என்றாள்.

வைகாசியில் அந்தக் கான்ஸ்டபிள் போன் செய்தார். "உன் தங்கச்சி அவளா வந்து, தேட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாம்மா. நல்லாதான் இருக்கா. மேஜர் பொண்ணு, நாங்க கட்டாயப்படுத்த முடியாது. உன்ன மட்டும் பாக்கறாளாம்."

அவள் இருந்தது தண்டலத்தில், ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கட்டில். எங்கள் அறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஞாயிறு மத்தியானம் நெடுஞ்சாலையோர ஜூஸ் கடையில் சந்தித்தோம். கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் இருந்தன.

"ரெண்டாவது நாளே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன்க்கா. நீ என் போட்டோவ காட்டி யாராண்டயோ கேட்டுகினு இருந்த. உன் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

"கூப்ட வேண்டிதானடி?"

"கூப்டா உன்கூடயே வந்துடுவேன்னு பயமா இருந்துச்சு."

"நான் தொலைன்னு சொன்னதுக்கா போன?"

"அத தெனமும்தான் சொல்லுவ." ஸ்ட்ராவை மடக்கிக்கொண்டிருந்தாள். "தூரம் தூரம்னு சொல்றாங்களே, எவ்ளோதான் தூரம்னு பாக்கலாம்னு போனேன்."

திரும்பி வர மாட்டேன் என்றாள். மாதம் ஒரு ஞாயிறு நான் போகலாம், அம்மா வேண்டாம். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மூன்றாவது மாதம் அம்மா கேட்டாள், "நான் பேச மாட்டேன். எதிர்ல நின்னு பாத்துட்டு வந்துட்றேனே?"

தங்கையிடம் சொல்லாமல் கூட்டிப்போனேன். சாலையின் மறுபக்கம், பஸ் நிறுத்தத்தில் அம்மாவை நிற்க வைத்தேன். நடுவில் தடுப்புச் சுவரும் பெங்களூர் போகிற கன்டெய்னர் லாரிகளும். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அம்மா மறைந்து மறைந்து தெரிந்தாள். பேசிக்கொண்டிருந்த தங்கை நிறுத்தினாள். பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எளச்சிட்டாங்க இல்ல?" என்றாள். பிறகு விடுதிப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

நடைமேம்பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்தேன்.

"இன்னா சொன்னா?"

"நீ எளச்சிட்டியாம்."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.