சகலனின் காருக்குக் கறுப்புக் கண்ணாடி

மனைவியின் அக்கா புருசன், அதாவது என் சகலன், புதுக் காரின் கண்ணாடி எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது தெரியாதபடி கறுப்பு ரின்ற் தாள் ஒட்டியிருக்கிறார். பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

நானும் ஒட்டப் போனேன். கடைக்காரத் தம்பி, “அண்ணை, முன்கதவுக் கண்ணாடிக்கு உவ்வளவு கறுப்பு ஒட்டேலாது. உள்ளுக்க இருக்கிற ஆள் வெளியில தெரியவேணும். இல்லாட்டிப் பொலிஸ் டிக்கெட் தரும்” என்றான். பயந்து திரும்பி வந்தேன். சகலனை ஒரு பொலிசும் இன்றுவரை மறித்ததில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் எதுவும் இல்லை. மார்க்கம் ரோட்டில் சிவப்பு லைற்றில் நின்றபடி ஒரு மட்டன் ரோலைக் கடித்தேன். பக்கத்துக் காரில், எங்கள் கோயிலுக்கு வழமையாக வரும் அன்ரி. கை காட்டிச் சிரித்தார்.

வீட்டுக்குள் கால் வைக்க முன்னரே மனைவி தொடங்கிவிட்டாள். “வெள்ளிக்கிழமையும் ரோல்ஸோ? அத்தானைப் பாருங்கோ, விரதமெண்டா விரதம்!”

அத்தானைப் பார்த்தேன்தான். ரோல்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரே அவர்தான். மூன்று மட்டன் ரோலோடு அந்தக் கறுப்புக் கண்ணாடிக் காருக்குள் ஏறிப் போனார்.

அதைச் சொன்னேன்.

“பொறாமையில கதைக்காதேங்கோ” என்றாள்.

பொறாமைதான். ரின்ற் ஒட்டியவர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: இன்று காருக்குள் என்ன சாப்பிட்டீர்கள்?